மேடை கட்டச் சொன்ன தம்பி

பாலகோபால் கவுன்சிலருக்கு நின்ற வருஷம், அவனுடைய அக்கா மயிலாத்தாள் ஒரு ஜோடிச் செருப்பைத் தேய்த்தே தீர்த்துவிட்டாள். துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் செண்பக நகர் என்று ஒரு லேஅவுட். அவள் குடியிருப்பது அங்கேதான். தை மாதத்துப் பனிக்குக் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கினாள். கட்சிக்காரப் பையன்கள் நோட்டீஸைக் கேட்டுக்குள் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். மயிலாத்தாள் அப்படியா? பெல்லை அடிப்பாள், உள்ளே போய் உட்காருவாள், காபி கொடுத்தால் குடிப்பாள், அந்த வீட்டு மருமகளுக்கு மசக்கை தெளிந்ததா என்று விசாரிப்பாள். எழுந்து வரும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்லுவாள்.

"என்ற தம்பிக்குப் போடுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவனைத் தேடீட்டு அலைய வேண்டாமுங்க. என்னைய வந்து கேளுங்க."

ஜனங்கள் போட்டார்கள். பாலகோபாலின் முகத்துக்காக இல்லை, மயிலாத்தாளின் வாய்க்காக. ஜெயித்து மாலையும் கழுத்துமாக அவன் வந்து அக்கா காலில் விழுந்தபோது, அடுத்த வீட்டு கரோலின்கூட, "உங்க தம்பி ஜெயிக்கலீங்க மயிலாக்கா, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள். கரோலின் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. ஸ்கூலில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். மயிலாத்தாளும் அவளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பல வருஷமாகக் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்ட சிநேகிதிகள். கிறிஸ்துமஸுக்கு இங்கே கேக் வரும், நோம்பி நாளில் இங்கே சுட்ட கச்சாயம் அங்கே போகும்.

அந்த லேஅவுட்டுக்கு நடுவில் ஒரு பூங்கா. பூங்கா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து புங்க மரம், ஒரு வேம்பு, சிமெண்ட் பெஞ்சுகள், பிள்ளைகள் சுண்ணாம்பில் கோடு போட்டு ஷட்டில் ஆடுகிற இடம், அவ்வளவுதான். லேஅவுட் போட்டபோதே பொதுவுக்கென்று ஒதுக்கி மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த நிலம். எல்லோரும் ரிசர்வ் சைட் என்பார்கள். கரோலினின் வீட்டுக்காரர் தேவானந்தம் உயிரோடு இருந்தபோது குழி தோண்டி நட்டவைதான் அந்தப் புங்க மரங்கள். மயிலாத்தாளின் வீட்டுக்காரர் அப்புசாமி, பம்ப் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆனவர், காலையும் சாயங்காலமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் உலக நாயம் பேசுவார்.

பூங்காவின் பின்பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் மூடிக்கிடந்த ஒரு மில்லின் காலி நிலம். அதைக் கிருபாசங்கர் என்கிற பில்டர் வாங்கினார். அடுக்குமாடி கட்டப்போகிறார் என்று பேச்சு வந்தது. ஆனால் அந்த நிலத்துக்குப் போக ஒரு சந்துதான் உண்டு, ஒரு லாரி நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாது. அகலமான ரோடு இல்லாமல் மாடி மேல் மாடி கட்ட அனுமதி கிடைக்காது. சர்வேக்காரர்கள் இரண்டு பேர் வந்து பூங்காவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கே, அந்த ரோடு எங்கே வரப்போகிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

புங்க மரத்தடியில் சங்கக் கூட்டம் போட்டார்கள்.

"கோர்ட்டுக்குப் போயிரலாமுங்க" என்றாள் கரோலின். "வக்கீலைப் பாத்துப் பேசியாச்சு. இப்பவே போனா ஸ்டே கெடைச்சுருமுன்னு சொல்றாரு. ரோடு போட்டதுக்கப்பறம் போனா கஷ்டமுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். மயிலாத்தாளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. மாநகராட்சி மேல் கேஸ் என்றால் பேப்பரில் வரும். கவுன்சிலர் பாலகோபால் வார்டு என்று வரும். தம்பி இருக்கும்போது அக்காவே கோர்ட்டுப் படியேறினாள் என்று சொந்தத்தில் பேசுவார்கள்.

"சித்த பொறுங்க டீச்சரம்மா. நம்ம ஊட்டு ஆளு கவுன்சிலரா இருக்கறப்ப கோர்ட்டு எதுக்குங்க? நான் போயி அவன்கிட்டக் கேட்டுட்டு வாரேன்."

மூலைக்கடை நசுருதீன் சிரித்தார். மளிகைக்கடைக்காரர், எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். "அக்கா போனாத் தம்பி தட்ட மாட்டாருங்க. நம்மாளு போனா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிப்போடுவாரு."

அன்றைக்குச் சாயங்காலமே போனாள். பாலகோபால் அக்காவை ஊஞ்சலில் உட்கார வைத்துத் தான் கீழே பாயில் உட்கார்ந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். அம்மா போன பிறகு சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவளும் அவள்தான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையைப் பிடித்தபடி சபை நடுவில் அவள் நிற்க வேண்டும். உனக்கு நான் இருக்கிறேன், எனக்கு நீ இருக்கிறாய் என்று வாயால் சொல்லாமல் சொல்லுகிற சீர்.

"கோர்ட்டு வேண்டாமுக்கா" என்றான் பாலகோபால். "எம்பேரு கெட்டுப்போயிரும். நான் ஒரு ரோசனை சொல்றேன், நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லாத. பார்க்குல ஒரு மேடை கட்டிப் பிள்ளையாரை வெச்சுப்போடுங்க. சாமி இருக்கற எடத்துல எவன் ரோடு போடுவான்? எந்த ஆபீசருக்கு அந்தத் தைரியம் வரும்? நான் கார்ப்பரேசன்ல பாத்துக்கறேன்."

"கட்டலாமாடா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"கவுன்சிலர் நான் சொல்றேன், நீ கட்டுக்கா. செங்கல் மணலெல்லாம் நானே அனுப்பிச்சு வெக்கறேன்." கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூட வந்தான். "லோகுவோட கல்யாணம் வருதில்ல, எழுதிங்கள் சீரைத் தடபுடலா செஞ்சுபோடறேன். மண்டபம் சொல்லியாச்சு. வெசனப்படாத."

லோகப்பிரியா மயிலாத்தாளின் ஒரே மகள். எழுதிங்கள் என்பது பிறந்த வீட்டார் பெண்ணுக்குச் செய்கிற சீர். அது ஆனவள்தான் பெற்ற பிள்ளையின் கல்யாணச் சடங்கில் முன்னால் நின்று கை வைக்கலாம். ஆகாதவள் தாயே ஆனாலும் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டியதுதான். மயிலாத்தாளுக்கு அந்தச் சீரைச் செய்யப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தத் தம்பி ஒருத்தன்தான். அன்றைக்கு அவள் திரும்பி வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், கால் தரையில் பாவவில்லை.

மறு கூட்டத்தில் கரோலின் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ரிசர்வ் சைட்டுல எதையுமே கட்டக் கூடாதுங்க மயிலாக்கா. கோயிலுன்னாலும் ஆக்கிரமிப்புதானுங்க. நானு கிறிஸ்டியன்ங்கறதுனால சொல்றேன்னு நெனைக்காதீங்க. மாதா கெபி கட்டலாமுன்னு யாராச்சும் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

"மாதாவையும் ஒரு பக்கம் வெச்சுக்குவோமுங்க, பிள்ளையாரு கோவிச்சுக்க மாட்டாரு."

"வெளையாடாதீங்க. இது உங்க ரோசனையா, வேற யாராச்சும் சொன்னாங்களா?"

மயிலாத்தாள் ஒரு நிமிஷம் தடுமாறினாள். அப்புறம் கரோலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, என்னைய நம்புறீங்களா இல்லியா? அதை மட்டுஞ் சொல்லுங்க."

கரோலின் அந்தக் கையை உதறவில்லை. "உங்களைய நம்பாம யாரைங்க நம்பறது" என்றாள் கடைசியில். கோர்ட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. அப்புசாமியை யாரோ கேட்டதற்கு, "பொம்பளைங்க முடிவு பண்ணுனா சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சிலிருந்து எழுந்து போய்விட்டார். எதற்கும் ஒரு மணி நேரம் நாயம் பேசுகிற மனிதர், அன்றைக்கு ஒரு வரியோடு எழுந்து போனது மயிலாத்தாளுக்கு விசித்திரமாகப் படவில்லை. பட்டிருக்க வேண்டும்.

தம்பி சொன்ன மாதிரியே டிராக்டரில் செங்கல் வந்தது, மணல் வந்தது. யாருடைய உபயம் என்று கேட்டதற்கு டிரைவர், "பெரியவங்க அனுப்பிச்சாங்க" என்றான். பெரியவர் என்றால் தம்பிதான் என்று மயிலாத்தாள் நினைத்துக்கொண்டாள். கல் சிலைக்குப் பேர்போன திருமுருகன்பூண்டிக்குப் போய்ப் பிள்ளையார் வாங்கி வந்தார்கள். மேடையைப் பூசி, தகரக் கூரை போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமியை வைத்துப் பொங்கல் கொடுத்தார்கள். நசுருதீன் கடையிலிருந்து வெல்லமும் முந்திரியும் வந்தது. கரோலின் பூஜைக்கு நிற்கவில்லை, ஆனால் அவள் வீட்டுக் குழாயிலிருந்துதான் தண்ணீர் பிடித்தார்கள். மயிலாத்தாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மேடையில் பூசிய சிமெண்ட் நிறம் மாறுவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது.

காலை டிபன் வேளை. ஒரு ஜேசிபி, மாநகராட்சி ஜீப், நாலு போலீஸ்காரர்கள். மயிலாத்தாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். ஜீப்பிலிருந்து இறங்கிய இளவயசுப் பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினான்.

"ஆக்கிரமிப்புன்னு புகார் வந்திருக்குதுங்கம்மா. ரிசர்வ் சைட்டுல கட்டடம் கட்டியிருக்கீங்க. எடுத்துத்தான் ஆகோணுமுங்க."

"இருங்க சாமி, ஒரு நிமிசம். கவுன்சிலர்கிட்டப் பேசிக்கறேன். என்ற தம்பிதானுங்க."

போனை எடுத்தான் பாலகோபால். "அக்கா, நான் சென்னைல இருக்கேன். மீட்டிங். நீ ஒண்ணும் பேசாத, தகராறு பண்ணாத, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பிள்ளையாரை இறக்க மட்டும் நேரம் கொடுத்தார்கள். பெரிய கல் இல்லை, இரண்டு பேர் தூக்கினால் போதும். ஆனால் வைக்க இடம்? நசுருதீன்தான், "கடை முன்னால வெய்யுங்கக்கா, தகரத்துக்கு அடியில நனையாது" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

மேடை ஒரே தள்ளில் சரிந்தது. அத்தோடு வண்டி திரும்பும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவில்லை. புங்க மரத்தை நோக்கிப் போனது. முதல் மரம் வேரோடு சாய்ந்தபோது கரோலின் "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். வண்டி நிற்காமல் போய்ப் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை இடித்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், சுவருக்கு அந்தப்பக்கம் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ரோடு ரோலர் ஒன்று எஞ்சினை ஓட்டிக்கொண்டே காத்திருக்கிறது.

"இதென்னங்க அநியாயம்? மேடையை எடுக்கறோமுன்னுதானே சொன்னீங்க?" கரோலின் பொறியாளரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இணைப்புச் சாலைங்கம்மா. போன வாரமே மாமன்றத்துல தீர்மானம் ஆயிப்போச்சு. ஆக்கிரமிப்புல இருக்கற எடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ரோடாப் போடலாமுன்னு."

"யாரு கொண்டாந்த தீர்மானம்?"

பொறியாளர் மயிலாத்தாளை ஒரு பார்வை பார்த்தான். பாவம், சொல்லக் கூச்சப்பட்டான். "உங்க வார்டு கவுன்சிலர்தானுங்க."

யாரும் மயிலாத்தாளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொருத்தராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கரோலின் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்குள் போய்க் கேட்டை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டாள். பகலில் அந்தக் கேட்டு தாழ் போட்டு மயிலாத்தாள் பார்த்ததே கிடையாது.

ஆட்டோ பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். போர்டிகோவில் அவன் கார் நின்றது. பக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கார். உள்ளே சாப்பாட்டு மேஜையில் பாலகோபாலும் கிருபாசங்கரும் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் பழக்கிக் கொடுத்த குழம்பு, வாசத்திலேயே தெரிந்தது.

"சென்னை இங்கயே வந்துருச்சாடா?" என்றாள்.

பாலகோபாலுக்குக் கை அப்படியே நின்றது. கிருபாசங்கர் மட்டும் நிதானமாக எழுந்து, "வாங்கக்கா, உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார். அவ்வளவு மரியாதை. பிறகு கை கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

"கோவிச்சுக்காதக்கா, உக்காரு. பொறுமையாக் கேளு" என்றான் தம்பி. "அந்த டீச்சரம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தா ஸ்டே வாங்கியிருப்பாங்க. அஞ்சாறு வருசம் இழுத்துப்போடும். இப்ப என்னாச்சு? நீங்களே அங்க கட்டுனவங்களாயிட்டீங்க. ஆக்கிரமிச்சவங்களே போயி பார்க்கைக் காப்பாத்துங்கன்னு கோர்ட்டுல நிக்க முடியுமா?"

மயிலாத்தாளுக்கு இது தலையில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கோயில் சுவராக நிற்கும் என்று நினைத்துக் கட்டினாள். அவர்கள் அதைக் கதவாகத் திறந்துகொண்டார்கள்.

"அப்ப, மேடை கட்டச் சொன்னதே இதுக்குத்தானா?"

அவன் இட்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"செங்கல்லு?"

"அவரு அனுப்பிச்சதுதான். அடுத்த எலெக்சனுக்கு யாருக்கா எனக்குச் செலவு பண்ணுவாங்க? உன்ற டீச்சரம்மாவா? கிருபாசங்கர் இல்லீன்னா எனக்குப் போன தடவையே சீட்டு இல்ல, அது தெரியுமா உனக்கு? சீட்டு வாங்கிக் குடுத்ததே அவருதான்."

அந்தத் தை மாதப் பனியில் அலைந்த கால் அப்போதுதான் வலித்தது. அவள் தம்பிக்கு ஓட்டுக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கோ அல்லவா கேட்டிருக்கிறாள்.

"எல்லாம் உனக்குந்தாங்க்கா. அந்த அப்பார்ட்மெண்டுல லோகுவுக்கு ஒரு ஃப்ளாட் பேசியிருக்கேன். தாய்மாமன் சீருன்னு வெச்சுக்க. நான் ஒண்ணும் ஒளிச்சு மறைச்சுச் செய்யல. மச்சானுக்கு எல்லாந் தெரியும்."

"எந்த மச்சானுக்கு?"

"உன்ற ஊட்டுக்காரருக்குத்தான். வேற எந்த மச்சான்?"

தம்பி பேசிக்கொண்டே இருந்தான். மயிலாத்தாள் வாசலில் இறங்கிவிட்டாள். வந்த ஆட்டோவிலேயே திரும்பினாள்.

அப்புசாமி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெஞ்சு போய்விட்டதே, வேறெங்கே உட்காருவார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் பேப்பரை இறக்கவில்லை. "சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"ஒத்துக்க மாட்டேனுதான். அதுக்காக?"

"நம்ம புள்ளைக்கு ஒரு ஊடு ஆகட்டுமேன்னுதான் மயிலா. எப்படியும் ரோடு வரத்தான் போகுது. அவங்களை நாம எதுத்து நிக்க முடியுமா? நமக்காச்சும் ஒண்ணு மிச்சமாகட்டும்."

"தேவானந்தம் அண்ணன்கூட அந்தப் பெஞ்சுல உக்காந்து எத்தனை நாயம் பேசியிருப்பீங்க. அவரு வெச்ச மரத்தைச் சாய்க்கறாங்க, நீங்க ஊட்டுக்குள்ள பேப்பர் படிக்கறீங்க."

பேப்பர் அசையவே இல்லை. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பேப்பரில் அச்சடித்திருந்த சோப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடை கட்ட இவர்தான் நூல் பிடித்துக் கொடுத்தார் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் போனை எடுத்துப் பார்த்தாள். செண்பக நகர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: அக்காளும் தம்பியும் சேர்ந்து ஆடிய ஆட்டம் நல்லா இருந்துச்சு. அதற்குக் கீழே வரிசையாகக் கை தட்டுகிற பொம்மை. பதில் எழுதலாம் என்று கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எழுதிங்கள் சீர் அடுத்த முகூர்த்தத்திலேயே இருந்தது. நிறுத்தலாம் என்று அவள் வாயெடுத்தபோது லோகப்பிரியா அழுதாள். "எனக்குத் தாலி கட்டறப்ப நீ பக்கத்துல இல்லாம எப்படிம்மா?" மயிலாத்தாள் பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ரோடு ரோலர் ஓடிக்கொண்டிருந்த பூங்கா வழியாகத்தான் கார் போனது. அது இப்போது குறுக்கு வழி.

மண்டப வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். தம்பி கும்பிட்டபடி நிற்க, ஓரத்தில் வட்டத்துக்குள் கிருபாசங்கர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் செய்கிற சீருக்கு எதற்கு இவர் படம் என்று சொந்தக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. உள்ளே போனால் படமாக இருந்தவர் முன் வரிசையில் ஆளாகவே உட்கார்ந்திருக்கிறார்.

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், தேங்காய், சேலை, மஞ்சள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர், வெற்றிலை மென்று சிவந்த வாயோடு, "வாம்மணி, வந்து மணையில உக்காரு" என்று கூப்பிட்டார். மயிலாத்தாள் உட்கார்ந்தாள். பாலகோபால் சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். சின்ன வயதில் பிரம்புக்குப் பயந்து இவள் பின்னால் ஒளிந்த அதே முகம். ஒரு கணம் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. வாங்கிக்கொண்டால்தான் என்ன என்று இருந்தது. போன மரம் போய்விட்டது.

ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"பாலா, வாங்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பார்க்குல மேடை கட்டச் சொன்னது நீதான்னு இந்தச் சபையில ஒரு வார்த்தை சொல்லு. போதும். மத்ததெல்லாம் நான் மறந்துபோடறேன்."

பாலகோபால் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

"ஒறம்பரைக்கு முன்னால அரசியல் பேசாதக்கா."

"அரசியல் இல்லடா. ஊரே என்னையக் கள்ளியாட்டம் பாக்குது. சொன்னயா இல்லியா?"

கிருபாசங்கர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அக்கா, நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க."

"உங்க ரோட்டு வழியாப் போகட்டுமுங்க. அகலமாத்தானே போட்டிருக்கீங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. பாலகோபாலின் காது சிவந்தது. அவன் கிருபாசங்கரைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் சொல்லவே இல்ல. நீங்களாக் கட்டுனீங்க, கார்ப்பரேசன்ல எடுத்தாங்க. எனக்கென்ன தெரியும்?"

தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்துக்கொண்டவன், சீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்கிறான். மயிலாத்தாள் அப்புசாமியைத் தேடினாள். அவருக்குத் தெரியும், அவராவது வாய் திறப்பார் என்று ஒரு ஆசை. அவர் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி சாமி" என்றாள் மயிலாத்தாள். கையை ஊன்றி மணையிலிருந்து எழுந்தாள்.

"ஆத்தா, எந்திரிச்சுப்போட்டா சீரு நின்னு போயிரும்" என்று அருமைக்காரர் பதறினார். "புள்ளை கல்யாணத்துல நீ முன்னால நிக்க முடியாது, பாத்துக்க."

"தெரியுமுங்க." அவள் லோகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். "நான் பொறத்தால நின்னு பாத்துக்கறேன் கண்ணு. எங்க நின்னாலும் பாப்பேன்."

பாலகோபால் தட்டோடு அப்படியே நின்றான். சேலை மேல் வைத்திருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

பட்டுச்சேலையோடு டவுன் பஸ் ஏறி, ஸ்டாப்பில் இறங்கி நடந்தாள். நசுருதீன் கடை முன்னால் தகரத்துக்கு அடியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். நசுருதீன் அவளைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் எதையோ தேடுவது போல் திரும்பிக்கொண்டார்.

கரோலின் கேட்டுக்கு உள்ளே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் வெளியே நின்றாள்.

"டீச்சரம்மா, வக்கீலைப் பாக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"போறமுங்க." கரோலின் குழாயை மூடவில்லை.

"மேடையைக் கட்டச் சொன்னது யாரு, செங்கல் அனுப்பிச்சது யாருன்னு சொல்றதுக்கு ஆளு வேணுமல்லங்க? நான் வந்து சொல்றேன். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்."

"உங்க தம்பி மேலயா?"

"என்ற தம்பி மேலதானுங்க. ஊட்டுக்காரரு பேரு வந்தாலும் வரட்டும்."

கரோலின் அவளுடைய பட்டுச்சேலையைப் பார்த்தாள். தலையில் பூ இருந்தது, நெற்றியில் புதுச் சந்தனம். சீர் என்னாயிற்று என்று கேட்க வாய் வரை வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

"ஜெயிக்குமான்னு தெரியாதுங்க. ரோடு போட்டுட்டாங்க. மரம் போயிருச்சு."

"தெரியுமுங்க."

"உங்களைய மறுக்கா நம்பறதா வேண்டாமான்னும் எனக்குத் தெரியலீங்க மயிலாக்கா."

"நம்ப வேண்டாமுங்க" என்றாள் மயிலாத்தாள். "ஓட்டுக் கேட்டு வந்தப்ப, ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னைய வந்து கேளுங்கன்னு சொன்னேன். யாரும் வந்து கேக்கல. அதான் நானே வந்துட்டேன்."

பின்னால் ஒரு டிப்பர் லாரி புது ரோட்டில் திரும்பியது. ஜல்லிப் புழுதி கேட்டு வரைக்கும் வந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒருத்தியும் இந்தப்பக்கம் ஒருத்தியும் ஒரே நேரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலையில ஆட்டோ வரும்" என்றாள் கரோலின். "இங்கயே நில்லுங்க."

கேட்டைத் திறக்கவில்லை. மயிலாத்தாளும் திறக்கச் சொல்லவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு, அப்புசாமி இன்னும் திரும்பி வராத வீட்டுக்குச் சாவியைத் தேடிக்கொண்டு நடந்தாள்.